'யெஸ்' டைப் செய்யும் முன் ஒரு நிமிடம்

ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்குள் எஸ்.எஸ்.ஹெச். மூலம் முதல் தடவை நுழையும்போது ஸ்கிரீனில் ஒரு கேள்வி தோன்றும். "அந்தப் பக்கம் இருப்பது நீங்கள் நினைக்கும் கம்ப்யூட்டர்தானா என்று உறுதி செய்ய முடியவில்லை. இதுதான் அதன் கைரேகை. தொடரலாமா, வேண்டாமா?" என்பதுதான் அதன் சாரம். யெஸ் என்று டைப் செய்து என்டர் கீயைத் தட்டினால் வேலை நடந்துவிடும். கேள்வியை முழுவதும் படித்துவிட்டு யெஸ் டைப் செய்பவர்கள் மிகக் குறைவு.

கீபோர்டு முன்னால் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் யெஸ் என்றாவது டைப் செய்வார். நள்ளிரவு இரண்டு மணிக்கு ஒரு சர்வர் தானாகவே இன்னொரு சர்வரைக் கூப்பிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது இந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்வது? சாப்ட்வேர்களைத் தானியங்கியாக உருவாக்கும் சர்வர்களுக்கு இடையே அடிக்கடி வரும் கோளாறு இது. நான் பார்க்கும் வேலையே இந்த சர்வர்களோடுதான். ஆனால் இது சாப்ட்வேர் கம்பெனிக்காரர்களின் பிரச்சினை மட்டும் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். விண்டோஸ் 10-ல் 2018ஆம் ஆண்டு முதல் எஸ்.எஸ்.ஹெச். கூடவே வருகிறது. நீங்கள் புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரிலும் அநேகமாக அது இருக்கும்.

தொடங்கும் முன் ஒரு குறிப்பு. கட்டளைகளை இங்கே உச்சரிப்பாகத் தமிழில் தந்திருக்கிறேன். டைப் செய்யும்போது ஆங்கிலத்தில் சிறிய எழுத்துக்களில் டைப் செய்யுங்கள். 'கேபிடல்' என்று சொல்லும் இடத்தில் மட்டும் பெரிய எழுத்து.

கைரேகை எங்கிருந்து வருகிறது?

எஸ்.எஸ்.ஹெச். என்பது செக்யூர் ஷெல் என்பதன் சுருக்கம். நம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தபடியே வேறொரு இடத்தில் இருக்கும் கம்ப்யூட்டரைக் கட்டளைகள் மூலம் இயக்கவும், பைல்களை அனுப்பவும் வாங்கவும் உதவுவது. இதற்கு முன்னால் இந்த வேலையை டெல்நெட் என்ற புரோகிராம் செய்து வந்தது. அதில் ஒரு பெரிய ஓட்டை. நீங்கள் டைப் செய்யும் பாஸ்வேர்ட் அப்படியே நெட்வொர்க்கில் போகும். வழியில் யார் ஒட்டுக்கேட்டாலும் படித்துவிடலாம்.

1995ஆம் ஆண்டு பின்லாந்தில் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் இப்படித்தான் பாஸ்வேர்டுகள் திருடப்பட்டன. அங்கே ஆராய்ச்சியாளராக இருந்த டாட்டு யிலோனன் இதற்கு மாற்றாக அதே ஆண்டில் எழுதியதுதான் எஸ்.எஸ்.ஹெச். எப்.டி.பி.க்கு 21, டெல்நெட்டுக்கு 23 என்று போர்ட் எண்கள் இருக்க, இரண்டுக்கும் நடுவில் காலியாக இருந்த 22ஐ இவர் கேட்டு வாங்கிக்கொண்டார். இன்றும் எஸ்.எஸ்.ஹெச்.சின் கதவு எண் 22தான். இப்போது பெரும்பாலோர் பயன்படுத்துவது 1999இல் ஓபன் பி.எஸ்.டி. குழுவினர் வெளியிட்ட ஓபன் எஸ்.எஸ்.ஹெச். என்ற இலவசப் பதிப்பு.

எஸ்.எஸ்.ஹெச்.சில் போகும் செய்தி பூட்டப்பட்டுப் போகிறது. அதனால் வழியில் இருப்பவர் படிக்க முடியாது. சரி. ஆனால் நீங்கள் பூட்டி அனுப்புவதே தப்பான ஆளுக்கு என்றால்? நடுவில் ஒருவர் புகுந்து, "நான்தான் நீ தேடும் சர்வர்" என்று சொன்னால், பூட்டும் சாவியும் அவர் கையில் அல்லவா இருக்கும்?

இதற்காகத்தான் ஒவ்வொரு எஸ்.எஸ்.ஹெச். சர்வருக்கும் ஹோஸ்ட் கீ என்று ஒரு ஜோடிச் சாவி உண்டு. ஒன்று ரகசியச் சாவி. அது அந்த சர்வரை விட்டு வெளியே போவதே இல்லை. இன்னொன்று பொதுச்சாவி. அதை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். இணைப்பு ஏற்படும்போது சர்வர் தன் ரகசியச் சாவியால் ஒரு கையெழுத்துப் போடுகிறது. பொதுச்சாவி வைத்திருக்கும் உங்கள் கம்ப்யூட்டர் அந்தக் கையெழுத்து சரிதானா என்று பார்த்துக்கொள்கிறது. பொதுச்சாவியைக் காப்பியடித்து வைத்திருப்பவரால் அந்தக் கையெழுத்தைப் போட முடியாது. நீளமான பொதுச்சாவியைச் சுருக்கி 43 எழுத்துக்களில் காட்டுவதுதான் ஸ்கிரீனில் நீங்கள் பார்க்கும் பிங்கர்பிரிண்ட், அதாவது கைரேகை.

பேங்கில் கணக்குத் தொடங்கும்போது மாதிரிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வார்களே, அதுபோலத்தான். முதல் நாள் யெஸ் சொன்னதும் அந்தப் பொதுச்சாவி உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு பைலில் பதிவாகிவிடும். அடுத்த முறை முதல் கேள்வியே வராது. பதிவில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தினால் பேசாமல் உள்ளே விட்டுவிடும். பொருந்தவில்லை என்றால் சும்மா இருக்காது. ஸ்கிரீன் முழுவதும் அட் குறிகளால் வேலி போட்டு, எல்லாம் கேபிடல் எழுத்துக்களில், 'சர்வரின் அடையாளம் மாறியிருக்கிறது, யாரோ விஷமம் செய்துகொண்டிருக்கலாம்' என்று எச்சரித்துவிட்டு இணைப்பைத் துண்டித்துவிடும்.

அந்தப் பைலின் பெயர் நோன் ஹோஸ்ட்ஸ். நடுவில் ஒரு அண்டர்ஸ்கோர் வரும். விண்டோஸில் சி டிரைவில் யூசர்ஸ் போல்டருக்குள் உங்கள் பெயரில் உள்ள போல்டரில், டாட் எஸ்.எஸ்.ஹெச். என்ற போல்டருக்குள் இருக்கும். நோட்பேடில் திறந்து பார்க்கலாம். ஒரு வரிக்கு ஒரு சாவி. இதுவரை எஸ்.எஸ்.ஹெச். பயன்படுத்தியதே இல்லை என்றால் அந்தப் பைல் இருக்காது, தேட வேண்டாம்.

இரவு வேலை பார்க்கும் சர்வர்கள்

புரோகிராமர் எழுதுவதை அப்படியே உங்கள் கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்ய முடியாது. எழுதியதைத் திரட்டி, கம்பைல் செய்து, சோதித்து, ஒரு பேக்கேஜாகக் கட்ட வேண்டும். இதற்கு பில்டு என்று பெயர். ஒரு காலத்தில் இதை ஒரு ஆள் உட்கார்ந்து செய்வார். இப்போது ஜென்கின்ஸ் போன்ற சாப்ட்வேர்கள் பார்த்துக்கொள்கின்றன. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த கோசுகே கவாகுச்சி ஹட்சன் என்ற பெயரில் உருவாக்கி, 2011இல் ஜென்கின்ஸ் என்று பெயர் மாறியது இது. நேரம் குறித்துவிட்டால் போதும். ஒரு சர்வரிலிருந்து புரோகிராமை எடுக்கும், இன்னொன்றில் கட்டும், மூன்றாவதற்கு அனுப்பிச் சோதிக்கும். இந்த சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது பெரும்பாலும் எஸ்.எஸ்.ஹெச். வழியாகத்தான்.

எங்கள் அலுவலகத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பில்டு சர்வர் அலுவலகத்திலேயே இருந்தது. சோதனை சர்வர் ஊரின் வேறொரு பகுதியில் உள்ள டேட்டா சென்டரில். ஒரு நாள் காலை வந்து பார்த்தால் இரவு பில்டு பாதியில் நின்றிருக்கிறது. லாக் பைலின் கடைசி வரி, 'ஹோஸ்ட் கீ வெரிபிகேஷன் பெயில்டு'. அதற்கு மேலே நான் சொன்ன அந்த அட் குறி வேலி. பதிவுப் பைலின் 12ஆவது வரியில் இருக்கும் சாவி பொருந்தவில்லை என்றும் போட்டிருந்தது.

லாக் பைலைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிப்பது நல்லது. கடைசி வரி மட்டும் இருந்தால், "இந்த சர்வரை எனக்குத் தெரியவே தெரியாது" என்று பொருள். மேலே வேலியும் இருந்தால், "தெரிந்த சர்வர்தான், ஆனால் கையெழுத்து வேறாக இருக்கிறது" என்று பொருள். முதலாவது கவனக்குறைவால் வருவது. இரண்டாவதற்குக் காரணம் தெரிந்தே ஆக வேண்டும்.

சர்வர்களைப் பராமரிப்பவருக்குப் போன் செய்தேன்.

"அண்ணா, டெஸ்ட் சர்வர்ல ஏதாவது மாத்துனீங்களா?"

"ஆமாம்பா. டிஸ்க் போயிடுச்சு. நேத்து சாயந்தரம் புது டிஸ்க் போட்டு லினக்ஸ் திரும்ப இன்ஸ்டால் பண்ணேன். ஏன்?"

"பில்டு சர்வர் உள்ள விட மாட்டேங்குது. ஹோஸ்ட் கீ மாறிடுச்சுன்னு சொல்லுது."

"எனக்குப் போகுதே. பில்டு சர்வர்லேர்ந்தே இப்பதானே உள்ளே போயிட்டு வந்தேன்."

காரணம் தெரிந்துவிட்டது. லினக்ஸைப் புதிதாக இன்ஸ்டால் செய்யும்போது ஹோஸ்ட் கீயும் புதிதாக உருவாகும். பழைய ரகசியச் சாவி பழைய டிஸ்க்கோடு போய்விட்டது. பெயர் அதே, ஐ.பி. எண் அதே, கையெழுத்து மட்டும் வேறு. ஆனால் அவருக்குப் போகிறது, பில்டுக்குப் போகவில்லை என்றால் என்ன அர்த்தம்?

இந்த இடத்தில்தான் பலர் அரை நாளைத் தொலைப்பார்கள். நோன் ஹோஸ்ட்ஸ் பைல் கம்ப்யூட்டருக்கு ஒன்று அல்ல. ஒவ்வொரு யூசருக்கும் ஒன்று. அவர் தன்னுடைய லாகின் பெயரில் நுழைந்து, பழைய வரியை நீக்கி, யெஸ் சொல்லியிருக்கிறார். அது அவருடைய பதிவில் சேர்ந்துவிட்டது. பில்டு வேலை ஓடுவதோ ஜென்கின்ஸ் என்ற தனி யூசர் பெயரில். அந்த யூசருக்குத் தனி ஹோம் போல்டர், தனி நோன் ஹோஸ்ட்ஸ். மனிதர்கள் யாரும் அந்தப் பெயரில் லாகின் செய்வதில்லை என்பதால் அப்படி ஒரு யூசர் இருப்பதே மறந்துபோகும். சந்தேகம் இருந்தால் பில்டு வேலையின் முதல் வரியாக 'ஹூ ஆம் ஐ' என்ற கட்டளையை இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாகச் சேர்த்துவிடுங்கள். எந்த யூசராக ஓடுகிறது என்று லாக் பைலில் தெரிந்துவிடும்.

"அதான் காரணம் தெரிஞ்சிடுச்சே, யெஸ் போட்டுட்டு வேலையைப் பாருப்பா" என்றார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டிஸ்க் மாற்றியது உண்மை. அதனால் சாவி மாறியிருக்கும் என்பதும் உண்மை. ஆனால் பில்டு சர்வருக்கு இப்போது வந்துகொண்டிருக்கும் சாவி அந்தப் புதிய டிஸ்க்கில் உள்ளதுதானா என்பது தனிக் கேள்வி. அதற்கு நெட்வொர்க் வழியாகவே பதில் கேட்டால், வாசலில் நிற்பவரிடமே "நீங்கள் நல்லவர்தானே?" என்று கேட்ட கதையாகிவிடும். வேறு வழியில் கேட்க வேண்டும்.

அவர் அன்று டேட்டா சென்டரில்தான் இருந்தார். சோதனை சர்வரில் நேரடியாக மானிட்டரையும் கீபோர்டையும் மாட்டி, எஸ்.எஸ்.ஹெச். கீஜென் என்ற கட்டளையை, ஹைபன் எல், ஹைபன் எப் என்ற இரு குறிகளோடு, ஈ.டி.சி. போல்டருக்குள் எஸ்.எஸ்.ஹெச். போல்டரில் உள்ள பொதுச்சாவிப் பைலின் மீது ஓட்டினார். அந்த சர்வரின் உண்மையான கைரேகை அவர் ஸ்கிரீனில் வந்தது. எனக்கு முன்னால் பில்டு சர்வர் காட்டிய கைரேகை. அவர் போனில் ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க, நான் ஒப்பிட்டேன். கேபிடல் கே, ஸ்மால் எம், எண் 7, கேபிடல் ஓ... ஓ-வா, சைபரா? மறுபடியும் முதலிலிருந்து. 43 எழுத்துக்களுக்கு நான்கு நிமிடம் ஆனது. வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கலாம்தான். போனில் படிப்பதில் ஒரு வசதி, அந்தக் குரல் எனக்குத் தெரியும்.

முதல் ஐந்தாறு எழுத்து, கடைசி ஐந்தாறு எழுத்து மட்டும் பார்த்தால் போதாதா என்று கேட்பார்கள். முழுவதும் பாருங்கள் என்பேன். ஓபன் எஸ்.எஸ்.ஹெச். 8.0 பதிப்பிலிருந்து, அதாவது 2019 முதல், இதற்கு ஒரு சுலப வழி உண்டு. யெஸ் என்று டைப் செய்யாமல், உங்களுக்கு வேறு வழியில் கிடைத்த கைரேகையை அந்தக் கேள்விக்குப் பதிலாக பேஸ்ட் செய்யலாம். பொருந்தினால் மட்டுமே உள்ளே விடும். ஒப்பிடும் வேலையைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும்.

பொருந்தியது. பிறகு ஜென்கின்ஸ் யூசராக மாறிக்கொண்டு, எஸ்.எஸ்.ஹெச். கீஜென், ஹைபன், கேபிடல் ஆர், அதன் பின் சர்வரின் பெயர் என்று கட்டளை கொடுத்துப் பழைய வரியை நீக்கினேன். புதிய சாவியைப் பதிவு செய்தேன். பில்டை ஓட்டினேன். மறுபடியும் அதே இடத்தில் நின்றது!

இந்த முறை காரணம் சிறியது. பதிவு நடப்பது நீங்கள் டைப் செய்யும் பெயருக்கு. நான் சர்வரின் பெயரைக் கொடுத்து நீக்கியிருந்தேன். பில்டு வேலை சர்வரின் பெயரைச் சொல்லாமல் ஐ.பி. எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒரே சர்வர்தான் என்றாலும் எஸ்.எஸ்.ஹெச்.சுக்கு இவை இரண்டு தனித்தனிப் பதிவுகள். சுருக்கப் பெயர், முழுப் பெயர், ஐ.பி. எண் எல்லாமே தனித்தனி. 22 அல்லாத வேறு போர்ட் என்றால் சதுர அடைப்புக்குறிக்குள் பெயரும் பக்கத்தில் போர்ட் எண்ணும் சேர்ந்து இன்னொரு பதிவு. ஐ.பி. எண்ணுக்கு உரிய பழைய வரியையும் நீக்கி, அதே கைரேகையைச் சரிபார்த்துப் பதிவு செய்ததும் பில்டு ஓடியது.

பைலைத் திறந்து கையால் அழிக்கலாமே என்று தோன்றலாம். உபுண்டு, டெபியன் லினக்ஸ்களில் சர்வர் பெயரையே உருமாற்றித்தான் எழுதி வைக்கும். திறந்தால் ஒவ்வொரு வரியும் நெட்டுக்கோடு, 1, நெட்டுக்கோடு என்று தொடங்கும். எது யாருடையது என்று தெரியாது. கேபிடல் ஆர் போட்ட இடத்தில் கேபிடல் எப் போட்டால் குறிப்பிட்ட பெயருக்குப் பதிவு இருக்கிறதா என்று தேடிக் காட்டும்.

குறுக்கு வழி ஒன்று இருக்கிறது, வேண்டாம்

இந்த எரர் செய்தியை இன்டர்நெட்டில் தேடினால் முதலில் கிடைக்கும் தீர்வுகளில் ஒன்று, ஸ்ட்ரிக்ட் ஹோஸ்ட் கீ செக்கிங் என்ற செட்டிங்கை நோ என்று மாற்றிவிடுவது. ஒரே வரி. உடனே பில்டு ஓடும். எந்தப் புதிய சாவி வந்தாலும் கேட்காமல் பதிவு செய்துகொள்ளும். சாவி மாறியிருந்தால்கூட எச்சரிக்கையை அச்சடித்துவிட்டு, பாஸ்வேர்ட் மூலம் நுழைவது போன்ற சிலவற்றை மட்டும் நிறுத்திவிட்டு இணைத்துவிடும். பில்டு சர்வர்கள் பாஸ்வேர்ட் போடுவதில்லை, தங்களுக்கென்று உள்ள சாவியை வைத்துத்தான் நுழைகின்றன. எனவே அவற்றுக்கு எந்தத் தடையும் இருக்காது. அந்த எச்சரிக்கையை லாக் பைலில் யார் போய்ப் படிக்கப் போகிறார்கள்?

"சாவி வைத்து நுழைவதால் திருட எதுவும் இல்லையே, பயம் எதற்கு?" என்று சிலர் வாதிடுவார்கள். பாதி உண்மை. போலி சர்வரிடம் நீங்கள் போனாலும் உங்கள் ரகசியச் சாவி அதற்குக் கிடைக்காது. ஆனால் அதற்குத் தேவையே இல்லை. நீங்கள் அனுப்பும் பேக்கேஜ் அதன் கைக்குப் போய்விடும். அதைவிட மோசம், நீங்கள் அதனிடமிருந்து வாங்கும் புரோகிராம். போலி சர்வர் கொடுக்கும் புரோகிராமை பில்டு சர்வர் நம்பி எடுத்துக் கட்டி, கம்பெனியின் முத்திரையையும் குத்திப் பயனீட்டாளர்களுக்கு அனுப்பிவிடும். அதை இன்ஸ்டால் செய்வது உங்களைப் போன்ற ஒருவர்.

ஓபன் எஸ்.எஸ்.ஹெச். 7.6 பதிப்பில், 2017இல், ஒரு நடுவழி வந்தது. நோ என்பதற்குப் பதில் அக்செப்ட் நியூ, நடுவில் ஹைபன். புதிய சர்வர் என்றால் கேட்காமல் பதிவு செய்யும், தெரிந்த சர்வரின் சாவி மாறினால் மறுத்துவிடும். அவசரத்துக்கு இது பரவாயில்லை. ஆனால் கன்டெய்னர்களில் பில்டு ஓட்டுபவர்கள் கவனிக்க வேண்டும். அங்கே ஒவ்வொரு பில்டும் புத்தம் புதிய, காலியான ஹோம் போல்டரோடு தொடங்கும். பதிவே இல்லாத இடத்தில் எல்லா சர்வரும் புதிய சர்வர்தான். அக்செப்ட் நியூ அங்கே நோ என்பதற்குச் சமம்.

எஸ்.எஸ்.ஹெச். கீஸ்கேன் என்ற கட்டளையை பில்டு வேலைக்குள் சேர்த்துவிடுவதும் இதே ரகம். அது சர்வரிடம் போய் "உன் சாவி என்ன?" என்று கேட்டு வாங்கிவரும், அவ்வளவுதான். வாங்கி வந்ததை வேறு வழியில் சரிபார்த்து ஒருமுறை சேமித்து வைத்தால் நல்ல கருவி. ஒவ்வொரு பில்டின்போதும் புதிதாக வாங்கினால் கதவைத் திறந்து வைத்ததுதான்.

2023 மார்ச் 24, வெள்ளிக்கிழமை

சாவி மாறினால் என்ன ஆகும் என்பதை உலகமே ஒரே நாளில் பார்த்தது. புரோகிராமர்கள் தங்கள் புரோகிராம்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளம், அந்த ஆண்டு ஜனவரியில்தான் 10 கோடிப் பேர் சேர்ந்துவிட்டதாக அறிவித்திருந்தது. மார்ச் 24 அன்று இந்திய நேரப்படி காலை 10.30 மணி வாக்கில் அது தன் ஆர்.எஸ்.ஏ. வகை ஹோஸ்ட் கீயை மாற்றியது. அதன் ரகசியச் சாவி, எல்லோரும் பார்க்கக்கூடிய ஒரு இடத்தில் சிறிது நேரம் வெளியாகிவிட்டது என்பதே காரணம். அந்தச் சாவியை யாரும் தவறாகப் பயன்படுத்தியதாக நம்பக் காரணம் இல்லை என்றும், முன்னெச்சரிக்கையாகவே மாற்றுவதாகவும் கிட்ஹப் சொன்னது.

அந்த ரகசியச் சாவி வேறு ஒருவரிடம் இருந்தால் அவர் கிட்ஹப் மாதிரியே கையெழுத்துப் போட முடியும். எந்த எச்சரிக்கையும் வராது. அதனால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. மாற்றியதும், பழைய ஆர்.எஸ்.ஏ. சாவியைப் பதிவு செய்து வைத்திருந்த கம்ப்யூட்டர்களில் எல்லாம் அட் குறி வேலி எழும்பியது. பில்டுகள் நின்றன. ஈ.சி.டி.எஸ்.ஏ., ஈ.டி. 25519 என்ற மற்ற வகைச் சாவிகளைப் பதிவு செய்திருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

செய்ய வேண்டியதை கிட்ஹப் தெளிவாகவே சொன்னது. பழைய வரியை நீக்குங்கள், புதிய சாவியைச் சேருங்கள். புதிய கைரேகையைத் தன் வெப்சைட்டில் போட்டது. பிரவுசரில் ஹெச்.டி.டி.பி.எஸ். வழியாக வரும் அந்தப் பக்கம் எஸ்.எஸ்.ஹெச்.சைச் சார்ந்தது அல்ல. அதுதான் வேறு வழி, எங்களுக்கு அந்தப் போன் கால் போல. அன்று செக்கிங் நோ என்று வைத்திருந்தவர்களின் பில்டு மட்டும் நிற்காமல் ஓடியிருக்கும். அவர்களுக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரிந்திருக்காது. அந்த மௌனத்தை நான் அதிர்ஷ்டம் என்று சொல்ல மாட்டேன்.

இதற்கும் முன்னால் 2008 மே 13 அன்று டெபியன் லினக்ஸ் குழு ஒரு அறிவிப்பு வெளியிட்டது. 2006இல் செய்த ஒரு சிறு மாற்றத்தால், அவர்களுடைய ஓபன் எஸ்.எஸ்.எல். உருவாக்கிய சாவிகள் ஊகித்துவிடக்கூடியவையாக இருந்தன. எண்ணிலடங்காத வகைகளில் இருக்க வேண்டிய சாவிகள், ஒவ்வொரு அளவிலும் சுமார் 32,000 வகைகளுக்குள் அடங்கிவிட்டன. எல்லாவற்றையும் முன்கூட்டியே உருவாக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். டெபியன், உபுண்டு சர்வர்களின் ஹோஸ்ட் கீகளை உலகம் முழுவதும் மாற்ற வேண்டியதாயிற்று. சாவி மாறுவது எப்போதாவது நடக்கும் அதிசயம் அல்ல. அதற்கான ஏற்பாடு முன்பே இருக்க வேண்டும்.

உங்கள் வீட்டில்

கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து எஸ்.எஸ்.ஹெச்., இடைவெளி, ஹைபன், கேபிடல் வி என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். ஓபன் எஸ்.எஸ்.ஹெச். பதிப்பு எண் வந்தால் உங்களிடம் அது இருக்கிறது. ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரை வாங்கி வைத்திருப்பவர்கள், வெப்சைட் ஹோஸ்டிங் வாங்கியவர்கள் இதைப் பயன்படுத்தியிருப்பீர்கள். ராஸ்பெர்ரி பையின் மெமரி கார்டை அழித்து ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் புதிதாகப் போட்டால், முதல் தடவை ஆன் ஆகும்போதே புதிய ஹோஸ்ட் கீ உருவாகும். அடுத்து நீங்கள் நுழையும்போது வேலி எழும்பும். நீங்களே கார்டை அழித்ததால் காரணம் தெரியும். அதில் டி.வி.யையும் கீபோர்டையும் மாட்டிக் கைரேகையைப் பார்த்துக்கொண்டு, கேபிடல் ஆர் கட்டளையால் பழைய வரியை நீக்குங்கள். விண்டோஸிலும் அதே கட்டளைதான்.

எதையும் அழிக்காமலேயே வீட்டில் வேலி வந்தால் முதலில் ரூட்டரைப் பாருங்கள். ரூட்டர் ஐ.பி. எண்களைச் சுழற்றிக் கொடுக்கும். நேற்று ராஸ்பெர்ரி பைக்கு இருந்த எண் இன்று வேறு ஒரு கருவிக்குப் போயிருக்கலாம். ரூட்டரின் செட்டிங்கில் அந்தக் கருவிக்கு நிலையான எண்ணை ஒதுக்கிவிட்டால் தொல்லை தீரும். ஆனால் ஹோட்டலிலோ ரயில் நிலையத்திலோ உள்ள இலவச வைபையில், மாற்றம் எதுவும் செய்யாத சர்வருக்கு இந்த எச்சரிக்கை வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம்.

விண்டோஸில் புட்டி என்ற சாப்ட்வேர் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. அது நோன் ஹோஸ்ட்ஸ் பைலைத் தொடுவதில்லை. சாவிகளை விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் வைத்துக்கொள்கிறது. ஒன்றில் யெஸ் சொன்னது இன்னொன்றுக்குத் தெரியாது.

சாவியைக் காப்பாற்றி வைப்பது

டிஸ்க் மாற்றினாலும் கையெழுத்து மாறாமல் இருக்க வழி உண்டு. ஈ.டி.சி. போல்டரில் எஸ்.எஸ்.ஹெச். போல்டருக்குள், எஸ்.எஸ்.ஹெச். அண்டர்ஸ்கோர் ஹோஸ்ட் என்று தொடங்கும் பைல்களைப் பத்திரமான இடத்தில் பேக்கப் எடுத்து வையுங்கள். புதிதாக இன்ஸ்டால் செய்த பின் அவற்றைத் திரும்ப வைத்து சர்வீசை ரீஸ்டார்ட் செய்தால் போதும். ரகசியச் சாவிப் பைல்களை ரூட் யூசர் மட்டும் படிக்கும்படி 600 என்ற பெர்மிஷன் கொடுக்க வேண்டும். மற்றவர்களும் படிக்கலாம் என்று இருந்தால் எஸ்.எஸ்.ஹெச். சர்வர் அந்தச் சாவியை ஏற்காது. யாரோ உள்ளே புகுந்ததால் சர்வரை அழித்துப் போடுகிறீர்கள் என்றால் மட்டும் இதைச் செய்யாதீர்கள். பழைய சாவியும் போயிருக்கும் என்றே வைத்துக்கொண்டு புதியதை உருவாக்குங்கள். ஒரே சர்வரைக் குளோன் செய்து பத்து சர்வர் உருவாக்கும்போதும் பத்துக்கும் தனித்தனிச் சாவி வேண்டும்.

சர்வர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தால் ஒவ்வொன்றின் கைரேகையையும் போனில் படித்துக்கொண்டிருக்க முடியாது. 2010இல் வந்த ஓபன் எஸ்.எஸ்.ஹெச். 5.4 முதல் ஹோஸ்ட் சர்ட்டிபிகேட் வசதி இருக்கிறது. கம்பெனிக்கு ஒரு தலைமைச் சாவி. அது ஒவ்வொரு சர்வரின் பொதுச்சாவிக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும். பில்டு சர்வர்களின் நோன் ஹோஸ்ட்ஸ் பைலில் அந்தத் தலைமைச் சாவியின் பொதுப்பாதி ஒரே வரியாக இருந்தால் போதும். டிஸ்க் எத்தனை தடவை மாறினாலும் அந்த வரி மாற வேண்டியதில்லை.

எங்களிடம் அவ்வளவு சர்வர்கள் இல்லை. ஜென்கின்ஸ் தன் கீழுள்ள சர்வர்களுடன் எஸ்.எஸ்.ஹெச்.சில் இணையும்போது சாவியை எப்படிச் சரிபார்ப்பது என்று செட்டிங்கில் நான்கு வழிகள் தரும். நோன் ஹோஸ்ட்ஸ் பைலைப் பார்ப்பது, சாவியை நாமே கையால் கொடுப்பது, முதல் இணைப்பில் ஒப்புதல் கொடுப்பது, சரிபார்க்காமலே விடுவது. நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். சர்வர்களின் பொதுச்சாவிகளை ஒரு டெக்ஸ்ட் பைலில் தேதியோடு எழுதி, யார் சரிபார்த்தது என்ற பெயரையும் பக்கத்தில் போட்டு வைத்திருக்கிறோம். டிஸ்க்கை மாற்றுபவர் அந்தப் பைலிலும் ஒரு வரியை மாற்ற வேண்டும் என்பது இப்போது அவருடைய செக்லிஸ்ட்டில் இருக்கிறது.